மேக்கர்ஸ்பேஸ் வகுப்புகளும் பட்டறை நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வருபவர்களுக்கு மேக்கர்ஸ்பேஸைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்புகளில் ஒன்று. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். கட்டணம், நேரம், வயது வரம்பு போன்றவை இடத்துக்கு இடம் மாறும். அவற்றை நீங்கள் சேரும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவை பெரும்பாலும் எங்கும் பொருந்தும்.

மேக்கர்ஸ்பேஸ்னா என்ன? டியூஷன் சென்டரா, ஒர்க்‌ஷாப்பா?

பொதுப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாக வாங்கி வீட்டில் வைக்க முடியாத கருவிகளைப் பலர் சேர்ந்து வாங்கி, சேர்ந்து பராமரித்து, முறை வைத்துப் பயன்படுத்துகிற இடம். மர வேலை மேசை, சால்டரிங் அயர்ன் (ஈயக் கம்பியை உருக்கி மின் பாகங்களை ஒட்டும் கருவி), தையல் இயந்திரம், 3டி பிரிண்டர், லேசர் கட்டர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க வகுப்புகளும் நடக்கும்.

இந்த எண்ணத்துக்குப் பல வேர்கள். பெர்லினில் 1995-இல் தொடங்கிய சி-பேஸ் போன்ற ஹேக்கர்ஸ்பேஸ்கள், அதாவது கணினி ஆர்வலர்கள் கூடி வேலை செய்யும் இடங்கள், ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998-இல் தொடங்கிய, ஏறக்குறைய எதையும் செய்யக் கற்றுத்தரும் பாடம். அதிலிருந்து வளர்ந்தவைதான் ஃபேப் லேப்கள் என்ற பொதுப் பட்டறைகள்.

எனக்கு எதுவுமே தெரியாது. வந்தா சிரிப்பாங்களா?

மாட்டார்கள். அறிமுக வகுப்புகள் எதுவும் தெரியாதவர்களுக்காகத்தான் நடக்கின்றன. உள்ளே கைதேர்ந்தவராகத் தெரிகிற தச்சரும் பக்கத்து மேசையில் எலெக்ட்ரானிக்ஸுக்கு வந்தால் புதியவர்தான். எல்லோரும் ஏதோ ஒரு மேசையில் மாணவராக இருப்பதால், "இதை எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்பது அங்கே மிகச் சாதாரணம்.

அப்போ இது இன்ஜினியரிங் படிச்ச பசங்களுக்கான இடம் இல்லையா? எனக்கு வயசு அறுபத்தெட்டு.

அறுபத்தெட்டு வயதில் வருபவரிடம் நேரமும் பொறுமையும் இருக்கும். பட்டறைக்கு இவை இரண்டும் பெரிய முதலீடு. தையல் தெரிந்த பெண்கள், மர வேலை பார்த்துப் பழகியவர்கள், ஓய்வுபெற்ற மின்பணியாளர்கள் இவர்கள் இல்லாத மேக்கர்ஸ்பேஸில் கணினிப் படங்கள் மட்டும்தான் இருக்கும், பொருள் இருக்காது. ஒரு சட்டைக்குள் விளக்கும் பேட்டரியும் வைத்துத் தைக்க வேண்டுமென்றால், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த பையனுக்குத் துணியின் நெசவு எந்தப் பக்கம் இழுபடும் என்று தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும்.

பெண்கள் வருவார்களா என்றும் பலர் கேட்கிறார்கள். வருகிறார்கள். ஆனால் வகுப்பில் நான் கவனித்த ஒன்று உண்டு: இரண்டு பேருக்கு ஒரு கருவி என்றால், பெண்ணிடம் இருந்து கருவியை "நான் காட்டுறேன்" என்று வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பயிற்றுநர் அதை அனுமதிக்க மாட்டார். கற்றுக்கொள்பவர் கையில்தான் கருவி இருக்க வேண்டும். யாராவது பிடுங்கினால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.

என்னென்ன கிளாஸ் இருக்கும்?

சால்டரிங், அடிப்படை எலெக்ட்ரானிக்ஸ், ஆர்டுயினோ (விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்கும் சிறு கணினிப் பலகை) நிரலாக்கம், மர வேலை, தையல், கணினியில் வரைதல், 3டி பிரிண்டிங், லேசர் வெட்டு ஆகியவை பெரும்பாலான இடங்களில் உண்டு. வெல்டிங், சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்), மட்பாண்டம், புத்தகம் கட்டுதல், திரை அச்சு போன்றவை அந்தந்த இடத்தில் யாருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. வகுப்பைத் தவிர, பழுதுபார்க்கும் நாள், செய்ததைக் கொண்டுவந்து காட்டும் மாலை, ஒரே பொருளைக் கூட்டாகச் செய்யும் வார இறுதி என்று நிகழ்ச்சிகளும் நடக்கும்.

கிளாஸுக்கும் பட்டறை நேரத்துக்கும் என்ன வித்தியாசம்?

வகுப்பில் பயிற்றுநர் சொல்வதைச் செய்கிறீர்கள். பட்டறை நேரத்தில் உங்கள் வேலையை நீங்கள் செய்கிறீர்கள். இடம் திறந்திருக்கும், அனுபவமுள்ள ஒருவர் பொறுப்பில் இருப்பார், ஆனால் பாடம் கிடையாது.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம். இரண்டு மணி நேர வகுப்பில் கருவியைப் பாதுகாப்பாகத் தொடக் கற்றுக்கொள்ளலாம். கை பழகுவது பட்டறை நேரத்தில்தான். சேரும் முன் "என்ன வகுப்பு இருக்கு?" என்று கேட்பவர்கள் அதிகம், "வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும்?" என்று கேட்பவர்கள் குறைவு. அதையும் கேளுங்கள்.

முதல்ல எதுல சேரலாம்? 3டி பிரிண்டிங்தானே எல்லாரும் சொல்றாங்க?

பிரிண்டர் ஓடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும், புரிகிறது. ஆனால் நான் சால்டரிங் அல்லது மர வேலையைத்தான் முதலில் சொல்வேன். கை, கண், பொருள் மூன்றும் நேரடியாகச் சந்திக்கும் வேலை அது. தவறு நடந்த இடம் உடனே தெரியும், அதே இடத்தில் திருத்தலாம். 3டி பிரிண்டிங்கில் தவறு வரைபடத்தில் நடந்திருக்கும், நான்கு மணி நேரம் கழித்துத் தட்டில் தெரியும்.

சால்டரிங்கில் முதல் நாள் கற்றுக்கொள்வது இதுதான்: அயர்ன் நுனியை, பலகையில் உள்ள செம்பு வட்டம், பாகத்தின் கால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுமாறு வைக்க வேண்டும். இரண்டு விநாடி சூடேறட்டும். பிறகு ஈயக் கம்பியை அயர்னில் அல்ல, சூடான இணைப்பில் வைக்க வேண்டும். சரியான சூடு இருந்தால் ஈயம் தானே ஓடி, காலைச் சுற்றிச் சிறு கூம்பு போல உட்காரும். முதலில் ஈயக் கம்பியை எடுத்துவிட்டு, அப்புறம் அயர்னை எடுக்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் அது ஒட்டவில்லை; மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பது இதைத்தான். பார்க்க ஒட்டியது போல இருக்கும், தட்டினால் விளக்கு அணைந்து அணைந்து எரியும். மறுபடி சூடு காட்டினால் சரியாகிவிடும்.

அந்த ஈயப் புகை உடம்புக்குள்ள போகாதா?

நீங்கள் பார்க்கும் புகை ஈயம் அல்ல. ஈயம் நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வைத்திருக்கும் ஃபிளக்ஸ் என்ற பொருள் எரியும் புகை. வெள்ளீயமும் ஈயமும் 63-க்கு 37 கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். அயர்னை 320 முதல் 370 டிகிரி வரை வைப்போம். ஈயம் கொதிக்க 1,700 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஆகவே இந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிக மிக அற்பம். அதற்காகப் புகை நல்லது என்று பொருளில்லை. ஃபிளக்ஸ் புகை தொடர்ந்து மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். உறிஞ்சும் விசிறியைப் போட்டு, முகத்தைப் பலகைக்கு நேர் மேலே வைக்காமல் வேலை செய்யுங்கள்.

ஈயம் உடம்புக்குள் போகும் வழி கை. கம்பியைத் தொட்ட விரலோடு எதையும் சாப்பிடக்கூடாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் வகுப்புக்கு ஈயமில்லாத கம்பிதான் நல்லது. அது 217 டிகிரியை ஒட்டி உருகும், ஓடவைப்பது சற்றுக் கடினம். ஆனாலும் அதுவே சரி.

கையுறை போட்டுக்கிட்டா எல்லா மெஷினும் பாதுகாப்புதானே?

இல்லை. இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். டிரில், லேத் (கடைசல் இயந்திரம்), மேசை ரம்பம் போன்ற சுழலும் இயந்திரங்களில் கையுறை போடவே கூடாது. வெறும் கையாக இருந்தால் தோல் கிழியும். கையுறை சிக்கினால் அது கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஷால், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, தளர்ந்த சட்டைக் கை, கட்டாத கூந்தல், வளையல், மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே காரணம்தான். சூடான பொருளையோ கூர்மையான தகட்டையோ தூக்கும்போது கையுறை போடலாம், இயந்திரம் நின்றிருக்கும்போது.

கண்ணாடி அணிபவர்கள், "நான்தான் கண்ணாடி போட்டிருக்கேனே" என்பார்கள். பவர் கண்ணாடியின் பக்கவாட்டில் திறப்பு இருக்கிறது, சிதறும் துண்டு அந்த வழியாகத்தான் வரும். அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

நான் ஏற்கனவே வேற இடத்துல லேசர் ஓட்டியிருக்கேன். மறுபடி எதுக்கு டிரெயினிங்?

உங்களைச் சந்தேகித்து அல்ல. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதற்கென்று குணம் உண்டு. அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே, தீயணைப்பான் எங்கே, புகைக் குழாய் விசிறியை யார் போட வேண்டும், பழுதானால் எங்கே எழுதி வைக்க வேண்டும் என்பவை ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் ஒன்றாக இருக்காது. அனுபவமுள்ளவர்களுக்குச் சுருக்கமான செய்முறைச் சோதனை வைக்கும்படி கேட்கலாம். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்பவர்களுக்கும் இதே பதில். வீடியோவில் வெட்டப்படும் பலகைக்குக் கணு இருக்காது. உங்கள் பலகைக்கு இருக்கும்.

லேசர்ல எதை வேணும்னாலும் வெட்டலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரையும் லேசர் பக்கம் விடக்கூடாது என்பது என் கருத்து. மேக்கர்ஸ்பேஸ்களில் பெரும்பாலும் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. பிளைவுட், அட்டை, துணி, அக்ரிலிக் எல்லாம் அதில் அழகாக வெட்டுப்படும். இரும்பு, அலுமினியத் தகடுகளை இந்த அளவு இயந்திரம் வெட்டாது. பாலிகார்பனேட் பார்க்க அக்ரிலிக் போலவே இருக்கும். ஆனால் வெட்டும் இடம் பழுப்பேறிக் கருகும். தெர்மாகோல் சட்டென்று தீப்பிடிக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பி.வி.சி. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தில் சேர்ந்தால் அமிலம். நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் தண்டவாளங்களையும் துருப்பிடிக்க வைக்கும். இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், "லெதர்" என்று சொல்லிக் கொண்டுவருவது பல நேரம் ரெக்ஸின். ரெக்ஸினில் பெரும்பகுதி துணி மேல் பூசிய பி.வி.சி.தான்.

சந்தேகம் வந்தால் பட்டறைப் பொறுப்பாளர் செம்புக் கம்பிச் சோதனை செய்து பார்ப்பார். செம்புக் கம்பியைத் தீயில் காட்டி, தீயில் நிறம் எதுவும் வராத வரை சுட்டு எடுப்பார். சூடான கம்பியால் அந்தப் பொருளைத் தொட்டுச் சிறிது ஒட்டவைத்து, மறுபடி தீயில் காட்டுவார். தீ பச்சையாக மாறினால் பொருளில் குளோரின் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், லேசருக்குள் வைக்கக்கூடாது. பைல்ஷ்டைன் என்ற வேதியியலாளர் 1872-இல் சொன்ன சோதனை இது. புகை வெளியேறும் இடத்தில், தெரிந்தவர் செய்ய வேண்டியது. பொருளின் பெயரே தெரியவில்லை, சோதிக்கவும் வழியில்லை என்றால் வெட்ட வேண்டாம். அப்புறம், லேசர் ஓடும்போது பக்கத்தை விட்டு நகரக்கூடாது, ஒரு நிமிடம்கூட.

ஒரு சின்ன பொம்மை பிரிண்ட் பண்ண ஏன் இவ்ளோ நேரம்?

உருகிய பிளாஸ்டிக் நூலை அடுக்கடுக்காக வைத்துக் கட்டுகிறது பிரிண்டர். ஓர் அடுக்கு வழக்கமாக 0.2 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 500 அடுக்கு வேண்டும். அதே பொம்மையை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் கன அளவு எட்டு மடங்காகும், நேரமும் அதை ஒட்டி எகிறும். வகுப்பில் சிறியதாகச் செய்யச் சொல்வது இதனால்தான்.

பெரும்பாலும் பயன்படுத்தும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கும் பொருளை அதில் செய்யாதீர்கள். குவளை, கரண்டியும் வேண்டாம்: அடுக்குகளுக்கு இடையில் உள்ள இடுக்கில் தங்கும் அழுக்கை எவ்வளவு தேய்த்தாலும் முழுதாக எடுக்க முடியாது.

பிள்ளையை விட்டுட்டுப் போயிட்டு அப்புறம் வந்து கூட்டிட்டுப் போகலாமா?

குழந்தைகளுக்கான தனி வகுப்பு என்றால், அந்த இடம் ஒப்புக்கொண்டால், சரி. பட்டறை நேரத்தில் கூடாது. பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ கூடவே இருக்க வேண்டும். பொறுப்பாளர் இயந்திரங்களைக் கவனிக்க வேண்டும், குழந்தையையும் சேர்த்துக் கவனிக்க முடியாது.

கூடவே உட்காருங்கள் என்றுதான் நான் சொல்வேன். எட்டு வயதுக்கு மேல் ஸ்க்ராட்ச் (குழந்தைகளுக்கான எளிய கணினி மொழி) நிரலாக்கம், அட்டை வேலை, கைத்தையல் எல்லாம் நன்றாகப் போகும். ஆனால் குழந்தை திணறும்போது கையிலிருந்து வாங்கிச் செய்து கொடுத்துவிடாதீர்கள். கோணலாக வந்தாலும் அது அவர்கள் செய்ததாக இருக்கட்டும்.

வீட்டுல டேபிள் ஃபேன் ஓடல. கொண்டு வந்தா சரி பண்ணித் தருவீங்களா?

பழுதுபார்க்கும் நாளில் கொண்டுவாருங்கள். சரிசெய்து தருவதில்லை, உங்களோடு சேர்ந்து சரிசெய்வோம். மார்ட்டின் போஸ்ட்மா 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே முறை இதுதான். இன்று பல நாடுகளில் நடக்கிறது.

மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்' என்று முனகுகிறது, கழி ஒன்றால் இறக்கையைத் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். புதிது மாற்றினால் வேலை முடிந்தது. தள்ளினாலும் இறுக்கமாக இருந்தால் தண்டில் தூசியும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்திருக்கும். முனகலே இல்லையென்றால் வயர், சுவிட்ச் என்று வரிசையாக மல்டிமீட்டரால் (மின்சாரத்தை அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். இந்த வரிசையை ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டில் அடுத்த விசிறிக்கு எங்களிடம் வர வேண்டியதில்லை.

மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்க மாட்டோம். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கண்டன்சரில் உயிரை எடுக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். உப்பிய லித்தியம் பேட்டரி உள்ள போனையும் மேசையில் வைத்துக் குத்திப் பார்க்கக் கூடாது.

என்கிட்ட டிசைன் ரெடியா இருக்கு. நீங்களே செஞ்சு குடுத்துட்டா பணம் குடுத்துடறேனே?

அதற்கு வணிகப் பட்டறைகள் இருக்கின்றன, நன்றாகவும் செய்வார்கள். இங்கே செய்ய வேண்டியது நீங்கள். விசிறிக்குச் சொன்ன அதே பதில். தெரியாத இடத்தில் யாராவது தோள் கொடுப்பார்கள்.

இங்க செஞ்சதை விக்கலாமா?

முதல் மாதிரி, சிறு எண்ணிக்கை என்றால் பெரும்பாலான இடங்கள் தடுப்பதில்லை. நாள் முழுக்க லேசரை நீங்களே பிடித்துக்கொண்டு நூறு சாவிக்கொத்து வெட்டினால் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதற்கு வரம்பு இருக்கும். வேறொருவரின் கதாபாத்திரத்தையோ சின்னத்தையோ போட்டு விற்பது எங்கே செய்தாலும் உரிமைச் சிக்கல்தான். இணையத்திலிருந்து எடுத்த 3டி கோப்பு இலவசமாகக் கிடைத்தாலும், விற்கக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். உரிமக் குறிப்பைப் படித்துப் பாருங்கள்.

என் ஐடியாவை யாராவது எடுத்துக்கிட்டா?

மேசையில் வைத்து வேலை செய்தால் நாலு பேர் பார்ப்பார்கள், கேட்பார்கள். காப்புரிமை வாங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், விண்ணப்பிக்கும் முன் பொதுவில் காட்டாதீர்கள். பல நாடுகளில் அப்படிக் காட்டியதே உரிமையைக் கெடுத்துவிடும். வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

மற்றபடி, பகிர்வதில் எனக்கு நம்பிக்கை அதிகம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-இல் ரெப்ராப் என்ற 3டி பிரிண்டர் திட்டத்தைத் தொடங்கி, வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து வைத்தார். இந்த வகைப் பிரிண்டிங்கின் அடிப்படைக் காப்புரிமை 2009-இல் முடிந்தது. இரண்டும் சேர்ந்துதான் பிரிண்டர் தொழிற்சாலையை விட்டு நம் மேசைக்கு வந்தது.

மெஷின் என் கையில உடைஞ்சிட்டா நான்தான் காசு கட்டணுமா?

பயன்பாட்டில் தேய்ந்து உடைவதற்கு யாரும் பொறுப்பில்லை. உறுப்பினர் கட்டணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான். பயிற்சியில்லாமல் தொட்டதாலோ விதியை மீறியதாலோ உடைந்தால் பேச்சு வேறு. எதுவாயினும் சொல்லிவிடுங்கள். மரத்தை அறுக்கும்போது ஆணியில் பட்டு ரம்பத்தின் பல் போய்விட்டது என்று சொன்னால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். சொல்லாமல் போனால் அடுத்து வருபவர் அதே ரம்பத்தில் கையை வைப்பார்.

ராத்திரி யாரும் இல்லாதப்ப வந்து வேலை பாக்கலாமா?

கணினி, தையல், கைவேலை என்றால் சில இடங்களில் உறுப்பினர்களுக்குச் சாவி தருவார்கள். ரம்பம், லேத், வெல்டிங் தனியாகக் கூடாது. காயம் பட்டால் உதவிக்கு ஓடிவர ஒருவர் வேண்டும். லேசரும் அப்படித்தான்.

மூணு கிளாஸ் முடிச்சேன். ஆனா ஒண்ணும் செய்யல. எனக்கு இது வராதோ?

வரும். வகுப்பு வகுப்பாகச் சேர்ந்துகொண்டே போவதுதான் சிக்கல். நான்காவது வகுப்புக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வீட்டில் தேவைப்படும் ஒரு சிறு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: ஆடாத அலமாரித் தாங்கி, சாவி மாட்டும் பலகை, அணைக்க மறக்கும் விளக்கை அணைக்கும் சிறு கருவி. அளவெடுத்துத் தாளில் வரைந்து, பட்டறை நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். தாளைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரர் தானே பேச்சுக் கொடுப்பார். "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது, "இதை எப்படிச் செய்யலாம்?" என்றால் நாலு பேர் வந்து நிற்பார்கள்.

நானே கிளாஸ் எடுக்கலாமா? நான் நிபுணன் இல்லையே.

எடுக்கலாம். போன வருடம் கற்றுக்கொண்டவருக்குத்தான் எங்கே தடுமாறும் என்று நினைவிருக்கும். முதல் முறை ஐந்தாறு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லோர் கையையும் பார்க்க முடிய வேண்டும். பேச்சைப் பதினைந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு பொருள் முடிவில் அவர்கள் கையில் இருக்கட்டும். ஆபத்தான இயந்திரம் என்றால் மட்டும், முதலில் பொறுப்பாளரோடு சேர்ந்து நடத்தி அனுமதி வாங்க வேண்டும்.

எங்க பக்கத்துல மேக்கர்ஸ்பேஸே இல்ல. ஆரம்பிக்க எவ்ளோ மெஷின் வேணும்?

இயந்திரத்திலிருந்து தொடங்காதீர்கள். வாரம் ஒரு மாலை, ஒரு பெரிய மேசை, நல்ல வெளிச்சம், தவறாமல் வரும் ஐந்தாறு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். ஸ்க்ரூடிரைவர் செட், இரண்டு மல்டிமீட்டர், இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு தையல் இயந்திரம், கை ரம்பம், கிளாம்ப் போதும். பழுதுபார்க்கும் நாளை முதல் நிகழ்ச்சியாக வையுங்கள். அதற்குத்தான் அக்கம்பக்கத்தார் தயங்காமல் வருவார்கள், அவர்களில் சிலர் தங்கிவிடுவார்கள்.

முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் முதல் நாளே இருக்க வேண்டும். விபத்துக் காப்பீடு பற்றியும், இடத்தின் உரிமையாளர் எதையெல்லாம் அனுமதிக்கிறார் என்பது பற்றியும் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லேசர் வாங்கும் ஆசை கட்டாயம் வரும். புகையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகும் குழாய்க்கு வழியும், அந்தச் சுமையைத் தாங்கும் மின் இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.